லீவரைத் தூக்குகிறவன்

கரண்டக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கல்குவாரியில் எல்லோரும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? எக்ஸ்கவேட்டர் நடு வேலையில் முக்கி முனகி நின்றுவிட்டது என்று போன் வரும். லேப்டாப் ஒரு தோளில், மீட்டர் பை இன்னொரு தோளில் என்று தொங்கவிட்டுக்கொண்டு, புழுதி ரோட்டில் ஸ்கூட்டரைக் குதிக்கவிட்டு அவள் போய்ச் சேர்வாள். கேபினில் ஏறிப் பார்த்தால் திரை துடைத்து வைத்ததுபோல் இருக்கும். என்ன கோளாறு என்று சொல்லும் எண் ஒன்றுகூட இருக்காது. "நீங்க வர்றீங்கன்னு எல்லாத்தையும் அழிச்சு வெச்சுட்டோம்க்கா" என்று ஆபரேட்டர் பல்லைக் காட்டுவான். விருந்தாளி வருவதற்குள் வீட்டைப் பெருக்கி வைத்தவனுக்கு இருக்கும் பெருமை அவன் முகத்தில் இருக்கும். இவர்களை வைத்துக்கொண்டு ஒருத்தி கோபப்படாமல் இருந்தால் அவளுக்குத்தான் ஏதோ உடம்புக்கு ஆகவில்லை என்று அர்த்தம்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே கோபத்தில்தான். முதலில் ஓர் உதிரிபாகக் கடையில் கவுண்ட்டரில் நின்றுகொண்டிருந்தாள். லாரிக்காரர்களும் மெஷின்காரர்களும் கழற்றிய சென்சாரைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, "இது செத்துப்போச்சு, புதுசு கொடுங்க" என்பார்கள். அவள் மீட்டரை வைத்துப் பார்ப்பாள். பாதிக்குமேல் உயிரோடுதான் இருக்கும். "இது நல்லாத்தாங்க இருக்கு, ஒயரைப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இது கடையா, ஆஸ்பத்திரியா? விக்கிற வேலையைப் பாரு" என்றார். மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மாலை நேர டிப்ளமோவில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முடித்ததும், கனரக இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி அவளை எலக்ட்ரீஷியனாக எடுத்துக்கொண்டது. குவாரிகளுக்கும் சாலை வேலைகளுக்கும் அனுப்பிய மெஷின்கள் எங்கே மக்கர் பண்ணினாலும் போய் நிற்க வேண்டியது அவள்தான்.

அவளுடைய அண்ணன் அப்படியே தலைகீழ். அவள் அடிக்கடி போகும் அந்தக் கல்குவாரியில்தான் அவன் எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர். கோபம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். குவாரியில் அவனுக்கு வைத்த பெயர் ஆமை. மெதுவாக ஓட்டுகிறான் என்பதற்காக இல்லை. மெஷின் அருகே யாராவது நடந்து வந்தால் போதும், அள்ளுவதை நிறுத்தி, கை ரெண்டையும் எடுத்துவிட்டு, இடது பக்கம் இருக்கும் சிவப்பு லீவரைத் தூக்கிவிடுவான். அது பாதுகாப்பு லீவர். தூக்கிவிட்டால் இன்ஜின் ஓடும், ஆனால் கைப்பிடியில் யார் இடித்தாலும் கல் அள்ளும் பக்கெட் அசையாது. வந்தவர் ஒதுங்கிப் போன பிறகுதான் இறக்குவான். மற்ற ஆபரேட்டர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அவன் சிரிக்க மாட்டான். முன்பு வேலை பார்த்த இடத்தில், ஓர் ஆபரேட்டர் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தபோது சட்டை நுனி கைப்பிடியில் மாட்டி, பக்கெட் சடாரென்று ஒரு பக்கம் திரும்பியது. கீழே அளவெடுத்துக்கொண்டிருந்தவரின் கால் போய்விட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அண்ணனும் ஒருவன். அன்று அவன் போட்டிருந்த சட்டையை அண்ணி எத்தனை தடவை துவைத்தும் கறை போகவில்லை, கடைசியில் எரித்துவிட்டாள். இதை அவன் குவாரியில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஆமை என்று கூப்பிட்டிருக்க மாட்டார்களோ என்னவோ. கூப்பிட்டிருப்பார்கள் என்றுதான் கரண்டக்கா நினைக்கிறாள்.

குவாரியின் சைட் மேனேஜருக்கும் ஒரு பெயர் உண்டு. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'அவசரம்' என்பார்கள். வாயைத் திறந்தால் முதலில் விழும் வார்த்தை அதுதான். அவரும் ஆபரேட்டராக இருந்து மேலே வந்தவர். மெஷினைப் பற்றித் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. தெரிந்துகொண்டே செய்ததுதான் வயிற்றெரிச்சல்.

அண்ணன் ஓட்டும் அந்தப் பெரிய எக்ஸ்கவேட்டரில் கோளாறு தொடங்கியபோது கரண்டக்காவைத்தான் கூப்பிட்டார்கள். இந்த மெஷின்களில் பம்ப்புக்கு ஒன்று, பக்கெட்டைத் தூக்கும் மேல்கைக்கு ஒன்று, சுழலும் மோட்டாருக்கு ஒன்று என்று சென்சார்கள் உண்டு. எண்ணெய் அழுத்தம் எவ்வளவு என்று ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்வது நின்றாலோ, உளறினாலோ, கம்ப்யூட்டர் திரையில் ஓர் எண்ணைக் காட்டி, அலாரம் அடித்து, இன்ஜினை நடைவேகத்துக்கு இறக்கிவிடும். அந்த எண்தான் எரர் கோட். எந்தச் சென்சாரின் எண் வருகிறதோ அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டுவது பலருடைய வழக்கம். தலை வலிக்கிறது என்று சொன்னவனின் வாயைத் தைத்துவிட்டால் வலி போய்விடுமா?

அன்று அவளே அதைத்தான் செய்தாள். இதில் அவளுக்கு வக்காலத்து வாங்க முடியாது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, பக்கத்தில் அவசரம் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சீட்டில் உட்கார்ந்திருந்தது புயல். இன்னொரு ஷிப்ட்டின் ஆபரேட்டர். கைவேகத்துக்காக வைத்த பெயர். அவன் ஓட்ட, அவள் அளக்க, எல்லாம் சரியாகவே இருந்தது. திரையில் பழைய பதிவாக நின்றது பம்ப் சென்சாரின் எண். சரி, இதுவாகத்தான் இருக்கும் என்று புதிதை மாட்டி, எண்ணை அழித்துவிட்டு வந்துவிட்டாள். ஒரு காலத்தில் எந்தத் தப்பைப் பார்த்துக் கடை வேலையை உதறினாளோ, அதே தப்பு.

அது யார் தலையில் விடிந்தது என்றால், அண்ணன் தலையில். கோளாறு மறுபடி வந்தது. புயலின் ஷிப்ட்டில் மூச்சுப் பேச்சில்லை. அண்ணன் ஏறினால் அலாரம். பம்ப் சென்சார் மட்டுமல்ல, இப்போது மேல்கை, சுழல் மோட்டார் என்று வரிசையாக எண்கள். அவசரம் கரண்டக்காவுக்குப் போன் போட்டார்.

"புது சென்சாரே போட்டாச்சு. புயல் ஓட்டினா ஒண்ணும் ஆகலை. உங்க அண்ணன் உக்காந்தா மட்டும் கத்துது. அப்ப கோளாறு மெஷின்லயா, ஆள்லயா? நீயே சொல்லும்மா."

"சார், மெஷின் ஆள் பாத்துக் கெட்டுப்போகாது."

"ஆள் கெடுத்தா கெட்டுப்போகும்ல? ஓய்வு வேணும்னு ஒயரை நோண்டுறான். நாளைக்குள்ள நீ வந்து வேற காரணம் காட்டலைன்னா, மெஷினை வேணும்னே கெடுத்தான்னு எல்லா சைட்டுக்கும் சொல்லிடுவேன். அப்புறம் எவன் அவனுக்கு சீட் கொடுக்கிறான்னு பாக்கறேன்."

அவர் சொன்னால் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். ஆபரேட்டர் உலகம் சின்னது. ஒரு வாயிலிருந்து புறப்பட்ட பேச்சு, ஆள் பஸ் பிடித்துப் போவதற்குள் அடுத்த சைட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கும்.

அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் அவள் குடியிருந்தாள். சாப்பாடு கீழே. அன்று சாயங்காலம் அண்ணி தட்டை வைத்துவிட்டு, "உங்க தங்கச்சியாவது கேக்கட்டும். என்கிட்டதான் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்க" என்றாள். பக்கத்தில் அண்ணன் மகள் வீட்டுப்பாடம் எழுதுவது போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எரர் கோட் எப்ப வருது?"

"எப்பவாவது வருதும்மா."

"எப்பவாவதுன்னா? மழையிலயா, வெயில்லயா, பாரம் தூக்கறப்பவா? யோசிச்சுச் சொல்லு."

அவன் யோசித்தான். அவன் யோசிப்பதற்குள் அவள் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டாள்.

"யாராவது கிட்ட வந்தா."

"என்னது?"

"யாராவது கிட்ட வந்தா கத்துது."

"ஏன், அதுக்கு வெக்கமா?" என்றாள் அண்ணி. மகள் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். கரண்டக்காவும் சிரித்தாள், பாதியில் நிறுத்தினாள்.

"யாராவது கிட்ட வந்தா நீ என்ன பண்ணுவே?"

"என்ன பண்ணுவேன், லீவரைத் தூக்குவேன்."

"புயல்?"

"அவன் எங்க தூக்கறான்? இறங்கறப்பகூட அதைத் தாண்டிக் குதிப்பான்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். இத்தனை நாள் அந்தக் கேள்வியை ஏன் கேட்கவில்லை என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. மெஷினிடம் கேட்டாள், மீட்டரிடம் கேட்டாள், வேலை பார்க்கிறவனிடம் மட்டும் கேட்கவில்லை. அதுவும் கூடப் பிறந்தவன்.

மறுநாள் காலையில் கேபினில் உட்கார்ந்து, லீவரைத் தூக்கினாள், இறக்கினாள். தூக்கினாள், இறக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. அவசரம் கீழே நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். இன்னொரு தரம் தூக்கினாள். அலாரம் அலறியது. திரையில் எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. இன்ஜின் தொய்ந்துபோனது.

லீவரைத் தூக்கும்போது, இடது கைவைக்கும் பெட்டியும் அதோடு சாய்ந்து எழும். அந்தப் பெட்டியின் அடிமூடியைக் கழற்றினாள். உள்ளே ஒயர்க்கட்டைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப்பைக் காணோம். யாரோ பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் ஒயர் இழுத்திருக்கிறார்கள், அதற்கு இடம் வேண்டி கிளிப்பைப் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள். பிடிமானம் போன ஒயர்க்கட்டு தொங்கி, லீவர் எழும் ஒவ்வொரு தடவையும் இரும்புத் தகட்டின் விளிம்பில் நசுங்கியிருக்கிறது. ஓர் ஒயரில் தோல் உரிந்து செம்பு மின்னியது. எல்லாச் சென்சாருக்கும் ஐந்து வோல்ட் கொண்டுபோகும் ஒயர் அது. மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே குழாயில் தண்ணீர் வருகிறது, குழாய் நடுவில் உடைந்தால் எந்த வீட்டிலும் சொட்டு வராது. அதுபோல, அந்த ஒயர் தகட்டைத் தொட்டால் எல்லாச் சென்சாரும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். அவள் மாற்றிய பம்ப் சென்சார் பாவம், ஒரு தப்பும் செய்யாதது.

அவளுக்கு அப்படியொரு நிம்மதி. அண்ணன் தப்பித்தான் என்று நினைத்து, அவசரத்தைக் கூப்பிட்டுச் செம்பைக் காட்டினாள். புயலும் லாரி டிரைவர்கள் சிலரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப லீவரைத் தூக்கினாத்தான் கோளாறு" என்றார் அவசரம்.

"ஆமா சார்."

"தூக்கினது யாரு?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"புயல் தூக்கினானா? இல்லை. உங்க அண்ணன்தான் தூக்கித் தூக்கி ஒயரைத் தேய்ச்சிருக்கான். அவன்தான் காரணம்னு நீயே உன் வாயால சொல்லிட்டே. அவ்வளவுதான், முடிஞ்சுது."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் சொன்னதுகூடப் பரவாயில்லை, இந்தத் தலைகள் ஆடினவே! கதவைப் பூட்டுகிறவனால்தான் பூட்டு தேய்கிறது, அதனால் அவனைப் பிடித்து உள்ளே போடு என்றால் அதற்கும் தலையாட்டுவார்களா? ஆட்டுவார்கள். சம்பளம் கொடுக்கிற வாயிலிருந்து வந்தால் எதற்கும் ஆட்டுவார்கள்.

"சார், அந்த லீவர் தூக்கறதுக்குத்தான் வெச்சிருக்கு. அலங்காரத்துக்கு இல்லை. கிளிப்பைப் பிச்சவனைக் கேளுங்க. ஒயர்க்கட்டை மாத்தி, கிளிப் போட்டுக் கொடுக்கறேன். அரை நாள் மெஷினை நிறுத்துங்க."

"அரை நாளா? லாரி வரிசையைப் பாத்தியா? அவசரம்மா, அவசரம்! லீவரைத் தூக்கலைன்னா ஒயர் நசுங்காதுல்ல? டேய், ஒரு கட்டுக்கம்பி எடுத்துட்டு வா."

கட்டுக்கம்பி வந்தது. புயல் கேபினில் ஏறி, சிவப்பு லீவரை இறங்கிய நிலையிலேயே வைத்து, யாரும் தூக்க முடியாதபடி கம்பியைச் சுற்றி முறுக்கினான்.

"இது கொலைகாரத்தனம்" என்றாள் கரண்டக்கா.

"அண்ணனுக்குத் தங்கச்சி சர்ட்டிபிகேட் கொடுத்தா நாங்க நம்பணுமா?" என்றார் அவசரம். ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவள் தன் கம்பெனிக்குப் போன் போட்டாள். "கஸ்டமர் சொல்றபடி அனுசரிச்சுப் போம்மா" என்று அங்கிருந்து பதில் வந்தது. அனுசரிச்சுப் போவதாம்! யாருடைய காலை எடுத்து அனுசரிப்பது?

அண்ணன் கேபினில் ஏறி, தன் தண்ணீர் கேனையும், அண்ணி தைத்துக் கொடுத்த சீட்டு மெத்தையையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அவசரம் சொன்னபோது எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் அவளுக்குக் கோபம்.

"ஏதாவது பேசேன்ணே! இப்படியா வாயைப் பொத்திக்கிட்டு வருவே?"

"பேசினா கம்பி அவிழ்ந்துடுமா?" என்றான். பிறகு மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "நீ உன் வேலையைப் பாத்துக்க. ரெண்டு பேரும் வீட்ல உக்கார வேண்டாம்" என்றான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் வரும்வரை அவன் காவல் ஷெட்டின் நிழலில் உட்கார்ந்திருந்தான். அவள் கழற்றிய சாமான்களை, தேவையே இல்லாமல், துடைத்துத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

புயல் வேகமாக அள்ளினான். லாரிகள் நகர்ந்தன. அவசரத்துக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அப்போது ஒரு லாரி டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்: "சார், பக்கெட் பல்லு ஆடுது! விழுந்துடப் போவுது!"

பக்கெட்டின் முனையில் இருக்கும் இரும்புப் பல் கழன்று கல்லோடு கல்லாகப் போனால், கல் உடைக்கும் யந்திரத்தின் தாடை உடைந்துவிடும். அப்புறம் அரை நாள் இல்லை, வாரக்கணக்கில் எல்லாம் நிற்கும். பல்லை அடித்து இறுக்குவது எப்போதும் அவசரத்தின் வேலை. அதில் அவருக்கு ஒரு கெத்து. சம்மட்டியை எடுத்துக்கொண்டு, "பக்கெட்டை மார்பளவுக்கு இறக்கி நிறுத்துடா" என்று சொல்லியபடி நடந்தார்.

புயல் இறக்கி நிறுத்தினான். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. பற்கள் அவசரத்தின் நெஞ்சுக்கு நேராக நின்றன. அவர் நெருங்கும்போது தற்செயலாகக் கேபினை நிமிர்ந்து பார்த்தார். புயல் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, யாரிடமோ சிரித்துப் பேசியபடி, கீழே விழுந்த எதையோ தேடிக் குனிந்துகொண்டிருந்தான். அவனுடைய முழங்கை கைப்பிடியை உரசிக்கொண்டிருந்தது.

அவசரத்தின் கால் அப்படியே நின்றது.

"டேய்!" என்று அலறினார். "லீவரைத் தூக்குடா! முதல்ல லீவரைத் தூக்கு!"

புயல் திடுக்கிட்டு நிமிர்ந்தான். லீவரைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கம்பியை நகத்தால் நோண்டினான். அவனே முறுக்கிய முறுக்கு, நன்றாகத்தான் முறுக்கியிருந்தான். பதற்றத்தில் அவன் தொடை இடித்து, பக்கெட் ஒரு குலுக்குக் குலுங்கியது. அவசரம் சம்மட்டியைப் போட்டுவிட்டு, பின்னால் பார்க்காமலேயே பின்வாங்கி, கற்குவியலில் இடறி உட்கார்ந்துவிட்டார். இன்ஜினை அணை என்று கத்தவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் அந்தச் சீட்டில் உட்கார்ந்த மனிதர்.

யாரும் சிரிக்கவில்லை. கரண்டக்கா கட்டிங் பிளையரை எடுத்துக்கொண்டு, மெஷினின் செயின் சக்கரத்தில் கால் வைத்துக் கேபினுக்கு ஏறினாள். கம்பியைத் துண்டித்தாள். இறங்கி வந்து, அந்தக் கோணல் கம்பித் துண்டை அவசரத்தின் சட்டைப் பையில் போட்டாள்.

"இதை நீங்களே வெச்சுக்கங்க சார். அவசரத்துக்கு உதவும்."

அவர் அவளை முறைக்கவில்லை. பேன்ட்டில் ஒட்டிய புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பல் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, யாராவது பக்கெட்டுக்குக் கிட்டே போய்த்தான் ஆக வேண்டும். சம்மட்டியை எடுத்தார். பக்கெட்டைப் பார்த்தார், புயலைப் பார்த்தார். காலை எடுத்து வைக்கவில்லை.

"நீ இறங்குடா" என்றார் புயலிடம். பிறகு காவல் ஷெட் பக்கம் திரும்பி, "ஆமையை வரச் சொல்லு. அவன் சீட்ல உக்காந்தாத்தான் நான் பக்கெட் கிட்டப் போவேன்" என்றார்.

"அவரைத்தான் வேலையை விட்டு அனுப்பிட்டீங்களே" என்றாள் கரண்டக்கா. விடுவாளா?

"வரச் சொல்லும்மா" என்றார். சம்மட்டியைக் கை மாற்றிக்கொண்டு, "வேலையும் திருப்பித் தர்றேன். ஒயரையும் நீ மாத்திக்க. அரை நாள் எடுத்துக்க" என்றார்.

அண்ணன் வந்தான். அவசரப்படவில்லை. ஏறி, மெத்தையைச் சீட்டில் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்து உட்கார்ந்தான். கைப்பிடிகளிலிருந்து கைகளை எடுத்தான். சிவப்பு லீவரைத் தூக்கினான்.

ஒயர் நசுங்கி, உடனே அலாரம் அலறத் தொடங்கியது. திரை முழுக்க எண்கள். இன்ஜின் இறங்கியது. எந்தச் சத்தத்தைக் காட்டி அவனைத் துரத்தினாரோ, அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவசரம் பக்கெட்டுக்குக் கிட்டே போனார். ஒவ்வொரு பல்லாக நிதானமாகத் தட்டிப் பார்த்தார். அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லி அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.